வாசலில் முதல் பத்து நிமிடம்: சின்ன அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவை இருக்கிற பணத்தில் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் ஓ.பி. சீட்டு வரிசையில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. உள்ளே நாங்கள் விரலில் வெட்டுப்பட்ட ஒரு பையனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தோம். அவனோடு வந்த எட்டுப் பேர் போட்ட சத்தத்தில் வேறு எதுவும் எங்கள் காதில் விழவில்லை. "சிஸ்டர், இந்த ஐயாவுக்குக் கண்ணு சொருகுது" என்று வரிசையில் நின்ற ஓர் ஆச்சி கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அறையில் ஈ.சி.ஜி. மெஷின் இருந்தது. ஆஸ்பிரின் மாத்திரை இருந்தது. டாக்டரும் இருந்தார். வாசலில் நின்று, வருகிறவர் முகத்தைப் பார்க்க ஓர் ஆள்தான் இல்லை.

அதற்குப் பிறகு சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். புதுக் கட்டடம் வந்தால்தான் கேஷுவாலிட்டி திருந்தும் என்று காத்திருந்த இடங்களையும் பார்த்தேன். பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே ஒழுங்காக நடந்த இடங்களையும் பார்த்தேன். நோயாளி வாசலைத் தாண்டிய முதல் பத்து நிமிடத்தை யார் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. தாலுகா மருத்துவமனை டாக்டர்கள், சிஸ்டர்கள், நோயாளர் நலச் சங்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள், மூன்று தரப்பையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு, ஏழு நாள்

எதையும் வாங்கும் முன், எதையும் இடம் மாற்றும் முன், ஒரு சாதாரண 80 பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், மூன்று ஷிப்டும், அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று நேரத்தை மட்டும் எழுதுங்கள்: வாசலுக்கு வந்த நேரம், டாக்டரோ சிஸ்டரோ முதலில் தொட்டுப் பார்த்த நேரம், முதல் மருந்தோ ஆக்சிஜனோ கொடுத்த நேரம். எங்கிருந்து வந்தார், என்ன தொந்தரவு என்பதற்கு ஒரு வரி போதும்.

இதற்குத் தனியாக ஒருவரைப் போட முடியாது என்பார்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு கடிகாரமும் பேனாவும் கொடுத்து, முதல் நேரத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் உள்ளே இருக்கும் சிஸ்டர் எழுதிக்கொள்ளலாம்.

ஏழு நாள் முடிந்ததும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நெஞ்சுவலிக்காரருக்கு ஈ.சி.ஜி. எடுக்க எத்தனை நிமிடம் ஆனது? அதிகம் பேர் வருவது காலை 9 மணிக்கா, இரவு 8 மணிக்கா? நான் இருந்த ஓர் இடத்தில் கூட்டம் முழுக்க மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை. ஆட்கள் அதிகமாக இருந்தது காலை ஷிப்டில். யாரும் தப்பாகச் செய்யவில்லை, பல வருடமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைப் பார்த்த பிறகு ஒரு சிஸ்டரின் டியூட்டியை அந்த மாலைக் கூட்ட நேரத்துக்கு மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை.

வாசலில் ஒரு மேசை

செட்டிநாட்டு வீடு கட்டியவர்களுக்கு யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. திண்ணைக்கு வருகிறவர் எல்லோரும் வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், வந்துவிடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து விசாரித்து, அவசரமானவரை நேரே உள்ளே அழைத்துப் போவார்கள், மற்றவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். அவசரப் பிரிவுக்கும் அந்தத் திண்ணைதான் வேண்டும். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு ட்ரையேஜ் என்று பெயர்.

நம் மாநிலத்தில் டி.ஏ.இ.ஐ. என்று சொல்லும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்ததிலிருந்து சிவப்பு (உடனே), மஞ்சள் (சீக்கிரம்), பச்சை (காத்திருக்கலாம்) என்று பிரிப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் பல இடங்களில் அது சுவரில் அடித்த பெயின்டாக மட்டும் நிற்கிறது. நோயாளியைப் பார்த்து நிறம் சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். அந்த ஆள் அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸாக இருக்க வேண்டும். புதிதாக வந்தவரை அங்கே உட்கார வைப்பது தப்பு, அது பிரிவிலேயே கடினமான வேலை.

அவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, பி.பி. பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர், வினாடி முள் உள்ள கடிகாரம். இவ்வளவும் சேர்த்தால் சில ஆயிரம் ரூபாய்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், நினைவு தப்பியவர், வலிப்பு நிற்காதவர், வியர்வையோடு நெஞ்சுவலி, பாம்புக்கடி, விஷம் குடித்தவர், ஒரு பக்கம் கை கால் விழுந்தவர், நீலம் பாரித்த குழந்தை: இவர்களுக்கு எண் எதுவும் பார்க்க வேண்டாம், நேரே சிவப்புக் கட்டில். மற்றவர்களுக்கு எண்களைப் பாருங்கள். பெரியவர்களில் நாடி 60-க்குக் கீழேயோ 130-க்கு மேலேயோ இருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் குறைவாகவோ 30-க்கு மேலாகவோ இருந்தால், ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழே போனால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் டாக்டரை உடனே கூப்பிடுங்கள். மூச்சை எண்ணுவதற்கு மட்டும் குறுக்கு வழி வேண்டாம். எத்தனையோ கேஸ்ஷீட்டில் எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும். முழு நிமிடம், நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள்.

சீட்டு விஷயத்தில் ஒரே விதிதான். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் முதலில் சிகிச்சை, சீட்டும் பதிவும் பிறகு. ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும், போலீசுக்குத் தகவல் சொல்வதும் அப்படித்தான். விபத்தில் அடிபட்டவருக்குச் சட்டச் சடங்குகளுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்த வழிப்போக்கரையும் கேள்வி மேல் கேள்வி கேட்டு நிறுத்தி வைக்கக் கூடாது. அடுத்த முறை அவர் வண்டியை நிறுத்தவே மாட்டார்.

பச்சை போட்டவர்களையும் மறந்துவிடக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை அந்த பெஞ்சைச் சுற்றி வந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமலே இருக்கலாம்; வெறும் களைப்பு, வாந்தி என்றுதான் சொல்வார். அமைதியாக உட்கார்ந்திருப்பவரைத்தான் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும்.

இடத்தை மாற்றுவது

இதில் நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புக் கட்டில் வாசலுக்கு மிக அருகில், டாக்டர் மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் சுவரை ஒட்டாமல் ஓர் ஆள் நிற்க இடம் விடுங்கள், மூச்சுக்குழாய் போடுகிறவர் அங்கேதான் நிற்க வேண்டும். அந்தக் கட்டிலில் பச்சை நோயாளி யாரையும் உட்கார வைக்கக் கூடாது, காலியாக இருந்தாலும் சரி. ஸ்ட்ரெச்சர் வரும் பாதையைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், பீரோவும் பழைய நாற்காலியும் அங்கே வந்து சேராது. ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய்.

தள்ளுவண்டியும் சாவியும்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஓர் இரவு, பூச்சிமருந்து குடித்த ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் நுரை. மூச்சுக்குழாய் போட, தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான லாரிங்கோஸ்கோப்பை டாக்டர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பிளேடை விரித்தார், விளக்கு எரியவில்லை. கைப்பிடியைத் திருகித் திறந்தால் பேட்டரி கசிந்து, உள்ளே பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. புது பேட்டரி ஸ்டோரில். ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் நான் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, டாக்டர் குழாயைப் போட்டார். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் அந்த நான்கு நிமிடம் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இருபது ரூபாய் பேட்டரி.

அதனால் அவசர வண்டிக்கு எப்போதும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். மேல் தட்டில் மூச்சுக்கு வேண்டியது: ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என மூன்று அளவு, மாஸ்க், வாயில் வைக்கும் ஏர்வே, லாரிங்கோஸ்கோப், கூடவே உபரி பல்பும் பேட்டரியும், குழாய்கள். இரண்டாவது தட்டில் ஊசி மருந்துகள்: அட்ரினலின், அட்ரோபின், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மிடாசோலம், ஹைட்ரோகார்டிசோன், டிரானெக்ஸாமிக் ஆசிட். மூன்றாவதில் ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் (லைன்) போடும் சாமான், ட்ரிப்ஸ், பஞ்சு, பிளாஸ்டர். கீழே கட்டுத்துணி, கழுத்துப் பட்டை, சிம்புகள். எந்த ஷிப்டில், எந்த இருட்டில் கை வைத்தாலும் அதே பொருள் அதே இடத்தில் கிடைக்க வேண்டும்.

பூட்டு வேண்டாம். திருட்டுப் பயம் இருந்தால், ஒரு தடவை இழுத்தால் அறுந்துவிடும் பிளாஸ்டிக் டேக் போடுங்கள். டேக் அறுந்திருந்தால் வண்டியைத் திறந்திருக்கிறார்கள், சரிபார்த்து நிரப்ப வேண்டும் என்று அர்த்தம்.

ஷிப்ட் மாறும்போது, போகிற சிஸ்டரும் வருகிற சிஸ்டரும் சேர்ந்து நின்று ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் எண்ணுவதோடு முடிந்துவிடாது. லாரிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சக்‌ஷன் மெஷினை ஓடவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சவிடுங்கள். ஆம்பு பேக்கை உள்ளங்கையால் அடைத்து அழுத்துங்கள், காற்று வெளியே போனால் வால்வு போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியில் 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறதா? பிறகு இரண்டு பேரும் கையெழுத்து.

ஆக்சிஜனுக்கு ஒரு கணக்கைச் சுவரில் எழுதி வையுங்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் முழு பி டைப் இரண்டரை மணி நேரம், டி டைப் பதினொன்றரை மணி நேரம். முள் பாதியில் நின்றால் அதில் பாதி. ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஏற்றவே கூடாது. காரைக்குடியிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ரயில்வே கேட்டும் உண்டு, திருவிழாக் கூட்டமும் உண்டு. போகிற நேரத்தைப் போல இரண்டு பங்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வரும் கேஸ்கள்

நோட்டைப் பார்த்தால் உங்கள் ஊரின் முகம் தெரியும். எங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

நெஞ்சுவலி என்றால் வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். அதை எடுக்க டெக்னீஷியனுக்காகக் காத்திருக்காமல், எல்லா சிஸ்டரும் கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு மதியத்தில் கற்றுவிடலாம். ஈ.சி.ஜி.யை போனில் படம் எடுத்துப் பெரிய மருத்துவமனை இதய டாக்டருக்கு அனுப்பி, அவர் சொல்லிவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அதைப் போடாமல் மதுரைக்கு ஏற்றிவிட்டால், வண்டி போகும் நேரமெல்லாம் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து வருபவரிடம் மாத்திரை கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள். மறுபடியும் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்து பாம்புக்கடி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்குமே நம் கண்மாய்க் கரையிலும் கரம்பையிலும் உண்டு. கண்ணாடி விரியனோ சுருட்டையோ கடித்தால், கடிபட்டவரின் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்து, ஒரே தடவை சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் சரியாக வராது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, அதுவே முடிவை மாற்றிவிடும். புதுக் குழாய்கள் ஒரு டஜன் தனி டப்பாவில் "பாம்புக்கடிக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கள். முதல் தடவை உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரை மணிக்கு ஒரு முறை என மூன்று மணி நேரமும், பிறகு மணிக்கு ஒரு முறையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. ராத்திரி தரையில் படுத்தவரைக் கடிக்கும், பல் தடமே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் "வயித்த வலிக்குது, தொண்டைய அடைக்குது" என்று வருவார். இமை தொங்குகிறதா என்று பாருங்கள். இதில் ரத்தம் ஒழுங்காக உறையும், குழாய்ச் சோதனையை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆம்பு பேக் கையில் இருக்கட்டும்.

விஷமுறிவு மருந்து பெரும்பாலும் பொடியாகத்தான் வரும். பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு, முதலில் 10 குப்பி. ஒவ்வொன்றிலும் 10 மில்லி தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். ஒரு சிஸ்டர் தனியாகப் பத்தையும் கரைப்பதற்குள் நேரம் ஓடிவிடும், ஆகவே இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் ட்ரிப்ஸைத் திறக்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் தேட நேரம் இருக்காது. காலில் இறுக்கிக் கட்டி வந்திருந்தால் கட்டைச் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்தும் டாக்டரும் அருகில் இருக்கும்போது அவிழ்க்கலாம். 2024-லிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அந்தப் பதிவு ஒழுங்காகப் போனால்தான் அடுத்த வருடம் எந்த ஊருக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். அதை வெறும் எழுத்து வேலை என்று தள்ளிப் போடாதீர்கள்.

விஷம் குடித்தவர்களிடம் கடுமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அவரைக் காப்பாற்றுவதில் பாதி அந்த முதல் வார்த்தையில் இருக்கிறது. கூட வந்தவரை டப்பாவை எடுத்துவரச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூச்சிமருந்து என்றால் உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, சக்‌ஷனும் அட்ரோபினும் தயாராக வையுங்கள். அரளி விதை என்றால் ஈ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுத்து, பேஸ்மேக்கர் வைக்கும் வசதியுள்ள இடத்துக்குச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருப்பார், "வீட்டுக்குப் போறேன் சிஸ்டர்" என்பார். கல்லீரல் அதற்குப் பிறகுதான் கெடும்.

விபத்துகளில் ரத்தப்போக்கு தெரிந்தால் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், அடிபட்டு 3 மணி நேரத்துக்குள். விலை மிகக் குறைவு, எல்லா இடத்திலும் இருக்க வேண்டிய மருந்து.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு கேஸ் உண்டு. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. ஆத்தங்குடிக் கல் தரையில் ஈரத்தில் வழுக்கி விழுந்து, காலையில் பால்காரரோ வாட்ச்மேனோ பார்த்துத் தூக்கி வருவார். எப்போது விழுந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கி விழுந்தவரைப் பக்கவாதம் என்று நினைத்து மதுரைக்கு அனுப்பிய கதை எனக்குத் தெரியும். அப்புறம் வாட்ச்மேனைத் திரும்ப அனுப்பி, மாத்திரைப் பையை அப்படியே எடுத்து வரச் சொல்லுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை இருந்தால் தலையில் பட்ட சின்ன அடியும் பெரிய விஷயம். உண்மையிலேயே பக்கவாதம் என்றால், கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதுதான் முக்கியமான கேள்வி, ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

ஆட்கள்

பணியிடம் காலியாக இருப்பது நம் கையில் இல்லை. இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கையில் இருக்கிறது. வாரம் ஒரு நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில் 15 நிமிடம், ஒரு தலையணையைப் படுக்க வைத்து ஒத்திகை பாருங்கள்: மூச்சு நின்றுபோன ஆள், யார் நெஞ்சை அழுத்துவது, யார் ஆம்பு, யார் லைன், யார் நேரம் எழுதுவது. துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி, எம்.என்.ஏ. (ஆண் செவிலிய உதவியாளர்) எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்த நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஆழம் 5 சென்டிமீட்டர். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். பலமான கை துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுடையதாக இருக்கலாம்.

உறவினர் கூட்டத்துக்கும் ஒருவரை ஒதுக்குங்கள். சிவப்புக் கட்டிலில் வேலை நடக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து "இப்ப இது பண்ணிக்கிட்டிருக்கோம், இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்ல ஒருவர். நான் பார்த்த அடிதடிகள் பாதிக்கு மேல், யாரும் எதுவும் சொல்லாமல் இருந்த இடத்தில்தான் நடந்தன.

வேறு ஊருக்கு அனுப்பும்போது

ரெஃபர் என்று எழுதிக் கையில் சீட்டைக் கொடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. முதலில் போன் செய்து, அங்கே கட்டில் இருக்கிறதா, அந்த டாக்டர் இருக்கிறாரா, சி.டி. ஓடுகிறதா என்று கேளுங்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரியா, புதுக்கோட்டையா, மதுரை ராஜாஜியா என்பதை நோயைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வழக்கத்தைப் பார்த்து அல்ல. மூச்சுப் பாதை சரியாக இருக்கிறதா, இரண்டு லைன் ஓடுகிறதா, ரத்தம் நின்றதா, முதல் டோஸ் போட்டாயிற்றா என்று பார்த்த பிறகு ஏற்றுங்கள். கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய ஒரே பக்கம் நோயாளியோடு போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் தம்பியிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். மறுநாள் அந்த மருத்துவமனைக்கு போன் செய்து என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். அந்த ஒரு போனில் கற்றுக்கொண்டது எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்ததில்லை.

தேதி தெரிந்த விபத்துகள்

தை 3-ஆம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு. திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு அன்று எத்தனை பேர் வருவார்கள் என்பது பல மாதத்துக்கு முன்பே ஓரளவு ஊகிக்கக்கூடியது. பொட்டலில் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவதால், மாடு பிடிக்காமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரும் குத்துப்படுவார். தை மாதம் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரை, பங்குனி, வைகாசித் திருவிழாக்கள், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, எல்லாமே காலண்டரில் இருக்கின்றன.

பத்து நாள் முன்பே: அன்றைக்கு லீவு யாருக்கும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொல்லாதீர்கள். ஓ நெகட்டிவ் ரத்தம் எங்கே எத்தனை யூனிட் என்று கேட்டு வையுங்கள். ட்ரிப்ஸ், கட்டுத்துணி, தையல் சாமான் ஐந்து ஐந்து பேருக்கு ஒரு பையாகக் கட்டுங்கள். பச்சைக் காயங்களுக்கு ஓ.பி. அறையை ஒதுக்கிவிடுங்கள், கேஷுவாலிட்டிக்குள் சிவப்பும் மஞ்சளும் மட்டும். வயிற்றில் கொம்பு குத்தியவருக்கு வெளியே காயம் சின்னதாகத் தெரியும், உள்ளே குடல் கிழிந்திருக்கலாம்; அவருக்குப் பச்சை போடவே கூடாது. வெளியே வந்த குடலை உள்ளே தள்ளாமல், உப்புக் கரைசலில் நனைத்த சுத்தமான துணியால் மூடி அனுப்புங்கள்.

பணம்

மேலே சொன்னதில் பாதிக்குப் பணமே வேண்டாம். மீதிக்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு குணம் உண்டு.

மருந்தும் சாமானும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வரும். 1994-லிருந்து இருக்கும் அமைப்பு, எவ்வளவு வரை எடுக்கலாம் என்று மருத்துவமனையின் பாஸ்புக்கில் வரம்பு இருக்கும். அவசர மருந்துகளுக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும்போது போன வருடக் கணக்கை அப்படியே எழுதாமல், நோட்டைப் பார்த்து எழுதுங்கள். காலாவதி தேதி நெருங்கும் மருந்தைப் பக்கத்து மருத்துவமனையோடு மாற்றிக்கொள்ளலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை கொடுத்த பணம் அரசு மருத்துவமனைக்கும் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு, எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சை. பதிவு செய்யும் வேலையை யாரும் பொறுப்பெடுக்காததால் வர வேண்டிய பணம் வராமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரை அதற்கென்றே நியமியுங்கள். நோயாளர் நலச் சங்கத்தின் பணம் சின்ன ரிப்பேருக்கு நல்லது: பல்பு, பேட்டரி, ஸ்ட்ரெச்சர் சக்கரம், இன்வெர்ட்டர். எம்.எல்.ஏ., எம்.பி. நிதியில் கட்டடமும் கருவியும் வரும். அதை ஓட்டும் செலவும் ஆளும் வராது.

ஊர்க்காரர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். இது கொடுத்துப் பழகிய மண். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பங்கு) கொடுக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் கேட்கும்போது பட்டியலோடு போங்கள். "ஏதாவது செய்யுங்கள் அண்ணே" என்றால் பெயர் பொறித்த நாற்காலியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்து நிற்கும். "ஒரு மல்டிபாரா மானிட்டர் (நாடி, பி.பி., ஆக்சிஜனை ஒன்றாகக் காட்டும் கருவி), அதோடு ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்" என்று கேட்டால் அதுவே வரும். பராமரிப்பு இல்லாத நன்கொடைக் கருவியை மறுத்துவிடுவதே நல்லது. துணி போர்த்தி மூலையில் நிற்கும் வென்டிலேட்டரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பணத்தில் எத்தனை சக்‌ஷன் மெஷின் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

வாங்கும் வரிசை என்னைக் கேட்டால் இப்படி: ரிப்பேர் முதலில். பிறகு சக்‌ஷன், ஆக்ஸிமீட்டர், ஈ.சி.ஜி. பிறகு தடையில்லா மின்சாரம். பிறகு இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர், மானிட்டர். கட்டடம் கடைசி.

மாதம் ஒரு கூட்டம்

முதல் சனிக்கிழமை, ஒரு மணி நேரம். டாக்டர், சிஸ்டர்கள், பார்மசிஸ்ட், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் தம்பி, நலச் சங்கத்திலிருந்து ஒருவர். போன மாதம் இறந்த ஒருவரையும், தாமதமான மூவரையும் எடுத்துப் பேசுங்கள். யார் தப்பு என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எந்த நிமிடம் எங்கே போனது என்று மட்டும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஏழு நாள் கணக்கைத் திரும்ப எடுத்து, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முடிவுகளைத் தட்டச்சு செய்து கோப்பில் போட வேண்டாம். அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் மூன்றே வரி: என்ன செய்ய வேண்டும், யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள். அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படித்து ஆரம்பியுங்கள்.